காசுக்கேத்த பணியாரமா? – பேஸ் கிடாரின் கதை



நம் கல்லூரி மெல்லிசைக் குழுவைச் சேர்ந்த தம்பி தங்கைகள் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணா, இருக்கிற பேஸ் கிடார் சரியில்லை. நல்ல வெளிநாட்டுக் கம்பெனி கிடாரா ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்பது சாராம்சம். சங்கத்தில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "வாங்கினா உசத்தியா வாங்கணும், பேர் சொல்லும்" என்பது ஒரு கட்சி. "படிக்கிற பிள்ளைங்களுக்கு எதுக்கு இவ்வளவு விலையில?" என்பது இன்னொன்று. படிக்கிற காலத்தில் அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவன், பிறகு என்ஜினீயர் ஆனவன் என்ற முறையில் மலர்க்குழு என்னை எழுதச் சொன்னது.

விலை உயர்ந்த பேஸ் கிடார் உண்மையிலேயே உசத்தியா? வாதம் செய்வதைவிட, அந்தக் கருவியின் எழுபது வருஷ சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் பதில் தானாகக் கிடைக்கும் என்று தோன்றியது.

யார் இந்த பேஸ்?

மேடையில் கிடார்காரர் முன்னால் நின்று கைதட்டல் வாங்குவார். டிரம்ஸ்காரர் பின்னால் அமர்ந்து அமர்க்களம் பண்ணுவார். இருவருக்கும் நடுவே நாலு தடித்த தந்திகளோடு சத்தமில்லாமல் நிற்பவர்தான் பேஸ் வாசிப்பவர். அவர் வாசிப்பது ரசிகருக்குத் தனியாகத் தெரியாது. ஆனால் நிறுத்திவிட்டால் பாட்டே அந்தரத்தில் தொங்கும். இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர் பாட்டுகளில் பேஸ் கிடார் பக்கவாத்தியம் மட்டுமல்ல, இரண்டாவது பாடகர் மாதிரி கூடவே நடந்து வரும்.

ரேடியோ கடைக்காரரின் கருவி

பேஸ் கிடார் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய வயலின் போன்றது. காரின் மேலே கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். இத்தனை சிரமப்பட்டுக் கொண்டுபோனாலும் பக்கத்தில் டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கினால் அதன் குரல் எடுபடாது.

1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. பரவச் செய்தவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வேடிக்கை என்னவென்றால், உலகப் புகழ் பெற்ற கிடார்களைச் செய்த இந்த மனிதருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது!

1951-ல் அவர் வெளியிட்டதுதான் 'பிரிசிஷன் பேஸ்'. டபுள் பேஸில் விரலை எங்கே வைப்பது என்று கைதான் கண்டுபிடிக்க வேண்டும். இதில் வீணையில் மெட்டுகள் இருப்பது போல உலோக ஃப்ரெட்டுகள் உண்டு. சுருதி துல்லியமாக நிற்கும், அதனால்தான் அந்தப் பெயர். தந்தியின் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அதே அளவுதான்.

என்ஜினீயர் கண்ணுக்கு இதில் அழகாகத் தெரிவது அது செய்யப்பட்ட விதம். ஒரு மரப்பலகையை அறுத்து உடல், தனியாக ஒரு கழுத்து, இரண்டையும் சேர்க்க நாலு ஸ்க்ரூ. கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். வயலின் ஆசாரியின் நுணுக்கம் அல்ல இது, தொழிற்சாலையின் புத்தி. இருந்தாலும் மலிவு என்று சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ 200 டாலர் விலை. இன்றைய மதிப்பில் 2,000 டாலருக்கு மேல் வரும்.

இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள். "பழைய ஜாம்பவான்கள் எல்லாம் சாதாரண கிடாரில்தான் வாசித்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. அவை கைவேலைப் பொக்கிஷங்கள் அல்ல, ஆனால் கந்தலும் அல்ல. பட்டறையில் ஒரே அச்சாக வார்த்த, ஒழுங்கான வேலைக் கருவிகள்.

முப்பது பவுன் கிடார்

மலிவுக் கட்சிக்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர். ஃபெண்டர் வாங்க சுமார் 100 பவுன் வேண்டும், கையில் அவ்வளவு இல்லை. சுமார் 30 பவுனுக்கு வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். அவர் இடதுகைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம். உள்ளே கூடான, எடை குறைந்த கிடார் அது. பீட்டில்ஸின் ஆரம்ப கால இசைத்தட்டுகள் அதில்தான் வாசிக்கப்பட்டன.

அந்தக் கிடார் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கண்டெடுக்கப்பட்டு, உரியவரிடமே திரும்பிவிட்டது என்று 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. முப்பது பவுன் கிடாருக்கு இன்று விலை சொல்ல யாரால் முடியும்?

தந்தியே மாற்றாத மேதை

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி. 1960-களில் அங்கிருந்து வந்த வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். கருவி, 1962-ல் செய்த பிரிசிஷன் பேஸ். கடையில் கிடைத்த சாதாரண மாடல்தான். அறுந்தால் ஒழிய தந்தி மாற்ற மாட்டார். தந்திகளுக்கு அடியில் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து மீட்டுவார். டபுள் பேஸில் பழகிய கை அது. பழைய தந்தி, ஸ்பாஞ்சு, ஒற்றை விரல், இவை சேர்ந்துதான் உலகமே காப்பியடிக்க முயன்ற அந்த நாதம்.

இவ்வளவு வாசித்தும் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் வரவில்லை. 1971-ல் மார்வின் கே ஆல்பம் ஒன்றில்தான் முதன்முதலாகப் பெயர் போட்டார்கள். 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அந்த பேஸும் திருடு போய்விட்டது. மனுஷனுக்குப் பெயர் தராத உலகம், அவர் தொட்ட மரத்துக்கு விலை பேசுகிறது!

கம்பெனி கை மாறியது

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். விற்பனை பெருகியது, தரம் சரிந்தது என்று வாசிப்பவர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். 1970-களின் நடுவில் ஜாஸ் பேஸ் மாடலில் கழுத்தைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூ மூன்றானது. ஒரு ஸ்க்ரூவில் என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

"1965-க்கு முந்தினது" என்றாலே விலை ஏறும் பழக்கம் இப்படித்தான் வந்தது. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நிறைய மயக்கமும் இருக்கிறது. ஏனென்றால் மார்கஸ் மில்லர் என்ற மேதை வாசித்துப் புகழ் சேர்த்தது 1977-ல் வந்த ஜாஸ் பேஸ், எல்லோரும் குறை சொன்ன அதே காலத்துச் சரக்கு! அதை ரோஜர் சடோவ்ஸ்கி என்ற கைதேர்ந்த கிடார் கலைஞர் சீர்படுத்தி, உள்ளே ஒரு ப்ரீ-ஆம்ப் சேர்த்துக் கொடுத்தார்.

ஜாகோ பாஸ்டோரியஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, மேலே எபாக்ஸி பூசி வாசித்தார். 1976-ல் வந்த அவரது முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் பேஸ் கிடாரில் இப்படியும் பாட முடியுமா என்று அசந்துபோனார்கள். லியோ ஃபெண்டர் எந்த ஃப்ரெட்டுக்காக 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தாரோ, அதையே எடுத்துவிட்டார் இவர்!

விலையின் உச்சி

அப்படியானால் விலை உயர்ந்த கிடார்கள் எங்கிருந்து வந்தன? 1972-ல் அலெம்பிக் என்ற கலிஃபோர்னியக் கம்பெனி, ஜாக் கசாடி என்ற கலைஞருக்காகத் தன் முதல் பேஸைச் செய்தது. அரிய மரங்கள், உடலின் ஊடாகவே செல்லும் ஒரே நீளக் கழுத்து, உள்ளேயே மின்னணுச் சுற்று. ஸ்டான்லி கிளார்க் அதைக் கையில் எடுத்ததும் பேஸ்காரர் மேடையின் முன்னால் வந்துவிட்டார். இது வெறும் பகட்டு இல்லை. உயர்ந்த சுரங்கள் தெளிவாகக் கேட்டன, சத்தத்தின் குணத்தை வாசிப்பவரே கருவியில் திருப்பி மாற்ற முடிந்தது.

ஆனால் நுட்பம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. 1976-லேயே, லியோ ஃபெண்டர் பங்கு கொண்ட மியூசிக் மேன் கம்பெனி, உள்ளே ப்ரீ-ஆம்ப் வைத்த 'ஸ்டிங்ரே' பேஸைத் தொழிற்சாலை உற்பத்தியாகவே கொண்டுவந்துவிட்டது. இன்றைக்குச் சில நூறு டாலர் கிடாரிலும் அது இருக்கிறது. நேற்றைய ஆடம்பரம் இன்றைய சாதாரணம்!

மலிவின் மானத்தைக் காப்பாற்றியது ஜப்பான். 1970-களில் அங்கிருந்து வந்த நகல்கள் நன்றாகவே இருந்தன. வேறு வழியில்லாமல் ஃபெண்டரே 1982-ல் ஜப்பானில் உற்பத்தி தொடங்கி, 'ஸ்குவயர்' என்ற பெயரில் குறைந்த விலையில் விற்றது. அந்த முதல் வரிசை ஸ்குவயர்களை இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். பிறகு கணினி சொன்னபடி மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரங்கள் பரவின. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்கிற மலிவுக் கிடாரின் கழுத்துகூட இன்று மில்லிமீட்டர் பிசகாமல் வருகிறது.

காசு எங்கே போகிறது?

இனி கொஞ்சம் வகுப்பு எடுக்கிறேன், தூங்கிவிடாதீர்கள். பேஸ் கிடாரில் சத்தத்தை உண்டாக்குவது, காந்தத்தின் முன் அதிரும் எஃகுத் தந்தி. காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்சாரம் எழுகிறது. 1831-ல் ஃபாரடே கண்ட விதிதான். கம்பிச்சுருளுக்கு விலைச்சீட்டு தெரியாது.

ஆனால் கழுத்து முக்கியம். தந்தி அதிரும்போது கழுத்தும் அதிர்கிறது. இரண்டின் அதிர்வெண்ணும் ஒத்துப்போகிற சுரத்தில் தந்தியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும், அந்தச் சுரம் மட்டும் சீக்கிரம் செத்துவிடும். விலை உயர்ந்த கிடார்களிலும் இந்த 'செத்த இடம்' உண்டு.

அடுத்து நம் காது. பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சின்ன ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது. மேலே உள்ள கிளைச் சுரங்களைக் கேட்டு மூளைதான் அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. நம் ஆடிட்டோரிய ஸ்பீக்கரில் ஐயாயிரம் டாலர் பேஸை வாசித்தாலும், அந்தப் பணத்தின் பாதி சபைக்குப் போய்ச் சேராது.

வயலின் உலகில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 21 கலைஞர்களின் கண்ணை மறைத்து, பழைய இத்தாலிய வயலின்கள் மூன்றையும் புதியவை மூன்றையும் வாசிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் எடுத்துப்போக விரும்பியது புதியதை. வயலினுக்கே அப்படியென்றால், பலகையில் காந்தம் பதித்த நம் பேஸுக்கு?

ஆக, சரித்திரமும் விஞ்ஞானமும் சொல்வது இதுதான். மிக மலிவிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறும்போது கொடுக்கிற காசுக்குப் பலன் கண்கூடு. சுருதி நிற்கும் பிருடை, கையைக் கிழிக்காத ஃப்ரெட், இரைச்சல் போடாத பிக்-அப், வளையாத கழுத்து, எல்லாம் கிடைக்கும். அதற்கு மேல் ஏற ஏறப் பலன் குறைகிறது. கைவேலை, அரிய மரம், பெயர், பழமை இவற்றுக்குத்தான் காசு. அவை தப்பில்லை. தேக்கு ஊஞ்சலில் ஆடும் சுகம் வேறுதான். ஆனால் அது பாட்டுக்குக் கொடுக்கிற காசு அல்ல.

2020-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் வைத்திருந்த பேஸ் ஒன்று 3,84,000 டாலருக்கு ஏலம் போனது. எந்த மாடல் தெரியுமா? ஃபெண்டர் மஸ்டாங். 1966-ல் முதலில் வந்தபோது மாணவர்களுக்காக என்றே குறைந்த விலையில் செய்யப்பட்டது!

சங்கத்துக்கு ஒரு வார்த்தை

ஒரு கோடி காட்டுகிறேன், முடிவு உங்களுடையது. உசத்தி கிடார் ஒன்று வாங்கினால் என்ன நடக்கும்? பீரோவில் வைத்துப் பூட்டுவோம். சாவி ஓர் ஆசிரியரிடம் இருக்கும். ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும். முதலாம் ஆண்டுப் பையனோ பெண்ணோ அதைத் தொடக்கூடப் பயப்படுவார்கள். ஜேமர்சனும் மெக்கார்ட்னியும் உருவானது பூட்டி வைத்த கருவியில் அல்ல. தினமும் தோளில் மாட்டிய கருவியில்.

அதே காசில் நடுத்தர பேஸ் இரண்டு வாங்கலாம். ஒன்று மேடைக்கு, ஒன்று விடுதிக்கு எடுத்துப்போய்ப் பழக. கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்துக் கழுத்தின் வளைவையும் தந்தியின் உயரத்தையும் சரி செய்தால், பாதி புகார் தீர்ந்துவிடும். மிச்சப் பணத்தில் நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்று, மாதம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுக்க ஒரு கலைஞருக்குச் சம்பளம்.

பெயர் பலகை கிடாரின் தலையில் இருந்தால் போதுமா தம்பிகளே, தங்கைகளே? உங்கள் பெயரை நாங்கள் இசைத்தட்டில் பார்க்க வேண்டாமா?

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் மெல்லிசைக் குழு!