ஆற்று மணல் வரை

சித்ரா பௌர்ணமியன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு பெரிய தூக்குச்சட்டி கிளம்பும். அடியில் வாட்டிய வாழை இலை, அதன்மேல் அழுத்தி வைத்த புளியோதரை, மூடிக்கு மேலே இறுகக் கட்டிய ஈரிழைத் துண்டு. போய்ச் சேரும் இடம் திருநெல்வேலி குறுக்குத்துறை, தாமிரபரணி மணல். அரை மணி நேர நடைதான். ஆனால் அந்தச் சட்டிக்குள் இருந்தவற்றில் பலவும் எங்கள் அடுக்களைக்கு வந்த தூரத்தை நினைத்தால், நாங்கள் நடந்த அரை மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை.

முதலில் புளி. தை பிறந்தால் மரத்தில் காய் பழுத்து ஓடு கழலத் தொடங்கும். பங்குனிக்குள் உலுக்கி, ஓடு தட்டி, கோது உருவி, கொட்டை எடுத்து, கல்லுப்புத் தூவிப் பானையில் அடைத்துவிடுவார்கள். சித்திரையில் வீட்டில் புதுப்புளி மணக்கும். அம்மா புளியோதரைக்கு அதைத் தொடமாட்டாள். போன வருஷத்துப் புளி, கறுத்துப் போனது, அதுதான் வேண்டும். ஊர் எல்லையில், சாலையோரத்தில், பேய்க்கதைகளில் என்று எங்கும் நிற்கிற மரம் இது. இதன் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. நினைவுக்கு எட்டாத காலத்திலேயே இங்கே வேர்விட்டு நம்முடையதாகிவிட்டது. அரபு வணிகர்கள் இதை நம்மிடம் வாங்கி ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று பெயர் வைத்தார்கள். 1753இல் லின்னேயஸ் தாவரப் பெயர் சூட்டியபோது அதைப் பிடித்துக்கொண்டு ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்றே எழுதினார். ஆப்பிரிக்காவில் பிறந்த மரத்துக்கு அறிவியல் ஏடுகளில் நம் நாட்டின் பெயர் நிலைத்துவிட்டது.

மிளகாயின் வழி இன்னும் நீளம். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அது, கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு கடல் தாண்டி, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பல்களில் இந்தியக் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் உறைப்பு பெரும்பாலும் மிளகுதான். புதிதாக வந்ததற்கு நம்மவர்கள் மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றார்கள். சில பழைய கோயில்களின் மடைப்பள்ளிகளில் இன்றைக்கும் மிளகாய் நுழையவில்லை. அங்கே தளிகையாகும் புளியோதரை மிளகுக் காரத்தோடுதான் வரும். வேறு நாட்டில் பிறந்தாலும் மிளகாய் இந்த மண்ணோடு முழுதாக ஒட்டிக்கொண்டது. ராமநாதபுரத்து உவர் மண்ணில் விளையும் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது.

நிலக்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வட மாவட்டங்களில் அதை மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று சொல்வார்கள். பிலிப்பைன்ஸின் மணிலா துறைமுகம் அந்தப் பெயருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் மலைச்சரிவுகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். நம் சமையல் அது இல்லாமல் நடக்காது. ஆனாலும் இந்திய மண்ணில் முறையாக அதன் முதல் நாற்றை நட்டது 2020 அக்டோபரில், இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில். அதுவரை நாம் தாளித்த அத்தனை பெருங்காயமும் மலை கடந்து வந்த சரக்கு.

எள்ளோ நம்முடையது. அரப்பாவில் கருகிய எள் மணிகள் கிடைத்திருக்கின்றன. எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காயில் ஆட்டினாலும் கடலையில் ஆட்டினாலும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம். செக்கில் எள் ஆடும்போது கருப்பட்டி போடுவார்கள். கருப்பட்டி சேர்ந்த நல்லெண்ணெயின் மணம் புளிக்காய்ச்சலில் தனியாகத் தெரியும்.

இவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. புளி, மிளகாய், பெருங்காயம், கடலை, வெந்தயம், உப்பு எல்லாமே காய்ந்தவை, மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்தாலும் கெடாதவை. எண்ணெயும் அப்படியே. வாடினால் கெடுகிற பொருள் கறிவேப்பிலை ஒன்றுதான். அது கொல்லையிலேயே இருந்தது. பயணத்தைத் தாங்கிய பொருள்களைக் கொண்டு, பயணத்தைத் தாங்குகிற சோற்றை நம் பாட்டிமார்கள் கட்டியிருக்கிறார்கள். கட்டுச்சோறு என்ற பெயர் அதற்கு முழுப் பொருத்தம்.

கட்டுகிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோ பச்சரிசிக்கு 150 கிராம் புளி, கால் லிட்டர் நல்லெண்ணெய். அளவைக் குறைத்தால் நாக்குக்கு மட்டுமல்ல, சோற்றின் ஆயுளுக்கும் கேடு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் உப்பும் கிருமிகளைப் பெருகவிடாமல் தடுக்கும். பருக்கையைச் சுற்றிய எண்ணெய் சோறு வறளாமல் காக்கும். நல்லெண்ணெயில் புளிக்கரைசலை ஊற்றி மஞ்சள்பொடியும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டால், நீர் சுண்டி எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும். அந்தக் கட்டம் வரும்வரை அடுப்பை அணைக்கவே கூடாது. சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, சுடச்சுட இருக்கும்போதே கொஞ்சம் நல்லெண்ணெயும் பச்சைக் கறிவேப்பிலையும் போட்டு ஆறவிட வேண்டும். ஆறிய பிறகே புளிக்காய்ச்சல், அதற்கும் பிறகே வறுத்துப் பொடித்த மல்லி, வெந்தயம், எள்.

ஒரு வருஷம் நான் அவசரப்பட்டுச் சூடு ஆறுவதற்குள் மூடிவிட்டேன். ஆற்றங்கரையில் திறந்தபோது மூடியில் வியர்த்த நீர் சொட்டி, மேல்சோறு முழுக்கக் குழைந்து கிடந்தது. வந்திருந்த பன்னிரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு தாம்பாளத்தில் கைவைத்துப் பார்க்காமல் சட்டியில் அள்ளியதில்லை.

கூட வருபவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. தயிர்சாதத்தைப் பால்விட்டுக் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் போதும்; வெயிலில் வழியெல்லாம் உறைந்துகொண்டே வந்து, மணலில் திறக்கும்போது பதமாக இருக்கும். தேங்காய் சேர்ந்த காணத்துவையலைக் கடைசியாக அரைத்து முதலில் தீர்த்துவிட வேண்டும். கூழ்வத்தலைச் சோற்றுப் பாத்திரத்தோடு வைத்தால் நமுத்துப் போகும், தனி டப்பா வேண்டும். குடிக்கப் பானகம்.

சித்ரா பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்குகிற நேரத்தை ஒட்டியே நிலவு கிழக்கே எழும். மணலில் பகல் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆச்சி நடுவில் உட்கார்ந்து, அகன்ற சட்டியிலிருந்து உருண்டை பிடித்துச் சுற்றியிருக்கிற கைகளில் வைப்பாள். அடுத்த கை, அடுத்த கை. பேச்சு நிற்காது, பழைய கதைகளுக்குப் புதுச் சிரிப்பு வரும். நிலாச்சோறு என்று எங்கள் ஊரில் சொல்வது இதைத்தான்.

வீட்டு விருந்தில் நான் ஆச்சியும் அம்மாவும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததே இல்லை. சூடான சாம்பார், அடுத்த பந்தி, அப்பளம், பாயசம் என்று நின்றே பொழுது போகும். கடைசியில் ஆறிப்போன சோற்றோடு அடுக்களையில் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். ஆற்று மணலில் அடுப்பு இல்லை, சூடாக்க எதுவும் இல்லை, இரண்டாம் பந்தியும் இல்லை. புளியோதரை ஆறினால்தான் ருசி. அது அம்மாவை உட்கார வைத்தது. அவள் ஒரு முழு உருண்டையை நிதானமாக, நிலவைப் பார்த்தபடி சாப்பிட்டதை நான் முதன்முதலாகக் கண்டது குறுக்குத்துறையில்தான்.

இப்போது நண்பர்களை நான் கூட்டிப் போகிறேன். பன்னிரண்டு பேருக்கு ஒரு கிலோ அரிசியில் புளியோதரை, அரைக் கிலோவில் தயிர்சாதம் சரியாக இருக்கும். மணல் குறைந்துவிட்டது, பல இடங்களில் அமலைச் செடி மூடிக் கிடக்கிறது. எங்களுக்கு முன்னால் வந்துபோனவர்களின் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் கரையில் சிதறியிருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. தாமிரபரணித் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. நாங்கள் வாழை இலையை மடித்துத் திரும்ப எடுத்துவந்து தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவோம். எடுத்துப்போன சட்டியும் டப்பாவும் எங்களோடு வீடு திரும்பும்.

வருகிற சித்திரையில் உங்கள் ஊர் ஆற்றுக்கோ குளத்தங்கரைக்கோ, இரண்டும் இல்லையென்றால் மொட்டைமாடிக்கோ, நண்பர்களைக் கூப்பிடுங்கள். ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பாயை விரித்ததும், சமைத்தவரை முதலில் உட்கார வையுங்கள்.