கணக்கு படிச்சா பொட்டி தட்ட முடியாதா?

மயிலாப்பூர்ல இருக்கற சித்தி பொண்ணு பி.எஸ்சி. கணக்குதான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. உடனே சித்தி எனக்கு ஃபோன். "ஏண்டா, அதைப் படிச்சா சாஃப்ட்வேர்ல எவன் வேலை கொடுப்பான்? நீயாவது எடுத்துச் சொல்லு." பி.இ. முடிச்சுட்டு பொட்டி தட்டறவன் சொன்னா எடுபடும்னு நினைப்பு. நான் சொன்னது ஒரு தி.நகர் கதை.

சி.எஸ். சேஷாத்ரி 1932-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் கணக்கு ஆனர்ஸ் முடித்து, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், இயற்கணித வடிவியலில் உலக அளவில் பெயர் வாங்கினார். கர்நாடக சங்கீதமும் பாடுவார். 1984-ல் சென்னைக்குத் திரும்பியவர், 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் ஒரு கணிதப் பிரிவைத் தொடங்கினார். இன்றைய சென்னை கணிதவியல் கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

1998-ல் அங்கே ஒரு இளங்கலைப் படிப்பு ஆரம்பமானது. பேரைக் கவனிங்க: கணிதமும் கணினி அறிவியலும். ரெண்டும் ஒரே பட்டம்! நடந்த இடம், புடவைக்கும் நகைக்கும் ஊரே படையெடுக்கற தி.நகர்ல, ஜி.என். செட்டி ரோடு. சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் அப்போ கிடையாது. போபால் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலமாகத்தான் பட்டம். நிகர்நிலை அந்தஸ்து வந்தது 2006-ல்.

ஏன் ரெண்டையும் சேர்த்தாங்க? எனக்குப் புரிந்த காரணம் இது. பத்து லட்சம் பேர் உள்ள, அகர வரிசைப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடணும். ஒவ்வொரு தடவையும் பாதியை ஒதுக்கினா இருபது ஒப்பீடு போதும், ஏன்னா 2-ஐ இருபது தடவை பெருக்கினா பத்து லட்சத்தைத் தாண்டிடும். நிரலை எழுதறது அஞ்சு நிமிஷம். அது எப்பவும் சரியா வேலை செய்யும்னு நிரூபிக்க, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணின கணிதத் தொகுத்தறிதல் வேணும். நான் அதைப் பரீட்சைக்கு மட்டும் படிச்சேன். வேலைக்கு வந்தப்புறம் மறுபடி உட்கார்ந்து கத்துக்கிட்டேன்.

2005-ல் கழகம் சிறுசேரிக்குக் குடிபோனது. அதுவும் எங்கே? ஐ.டி. பூங்காவுக்குள்ளே! 2020-ல் சேஷாத்ரி காலமானார். பொட்டி தட்டறவங்க பஸ் பஸ்ஸா இறங்கற வளாகத்துக்குப் பக்கத்திலேயே கணக்கு வகுப்பு நடந்துகிட்டிருக்கு.

சித்தி பயத்திலும் நியாயம் இருக்கு. பி.இ. இல்லாட்டி விண்ணப்பத்தையே பிரிக்காத கம்பெனிகள் உண்டு. அதனால்தான் கணக்கு படிச்சவங்க பலர் எம்.சி.ஏ. வழியா உள்ளே வந்தாங்க. அது அப்போ மூணு வருஷம், 2020-21-லிருந்து ரெண்டு. சிறுசேரியில் இடம் கிடைக்கறதும் லேசில்ல, நுழைவுத் தேர்வு கடுமை.

அதனால சித்திகிட்ட சொன்னது இவ்வளவுதான்: "எந்தக் காலேஜ்ல சேர்ந்தாலும் கணக்கையே படிக்கட்டும். கூடவே தினம் ஒரு மணி நேரம் நிரல் எழுதட்டும், அதை நான் சொல்லித் தரேன். எனக்கு விட்டுப்போன கணக்கை அவ எனக்குச் சொல்லித் தரட்டும்."

சித்தி இன்னும் பதில் சொல்லலை. அவ மட்டும் "எப்போ ஆரம்பிக்கலாம்ணா?"ன்னு கேட்டிருக்கா.