நான்கு பிரிவுச் சட்டமும் முகத்துவாரக்குப்பமும்

1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றிற்று. நான்கே பிரிவுகள். புகைவண்டிப் பயணிகளைச் சோதிக்கலாம், நோய்ச் சந்தேகமுடையோரைத் தனித்து வைக்கலாம், மீறுவோரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்துடன் செயற்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர இயலாது. அவ்வாண்டு ஹஜ் பயணமும் தடைப்பட்டது. ஆனால், அடைபட்டவன் வீட்டு அடுப்பு எரிவது யார் பொறுப்பு என்பது பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை.

123 ஆண்டுகளுக்குப் பின், 2020 மார்ச்சில், கொரோனாவைத் தடுக்க அதே சட்டம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தார்க்குக் கடலே வயல். அவ்வயலின் வாயில் மார்ச் 25இல் அடைபட்டது. ஏப்ரல் 10இல் மைய அரசு மீன்பிடிப்புக்கு விலக்களித்தது. ஐந்தே நாளில், காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் வரும் தடைக்காலம் வந்து சேர்ந்தது. 61 நாள் தடை அவ்வாண்டு 47 நாளாயிற்று. ஜூன் 19 முதல் 30 வரை சென்னை மீண்டும் முடங்கிற்று.

நோய்க்காலத்தில் நடமாட்டத்தைத் தடுப்பது தவறன்று. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டினுள் புகாமல் கலீபா உமர் (ரலி) எல்லையிலேயே திரும்பியதை வரலாறு போற்றும். 2020இல் தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் இலவச அரிசியும் வழங்கியது. அது அரசின் அருளாக வந்தது. அன்றாட உழைப்பில் உண்பவனை வீட்டில் இருத்தும் சட்டம், அவன் உணவை அவனுடைய உரிமையாகவும் எழுதிவைக்க வேண்டும்.