விடிய விடியத் திருவிழா: மானிப்பாய் இரவுகளுக்கு ஒரு சின்ன வரலாறு

யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா வாற ஆக்கள் எங்களிட்ட வழக்கமாக் கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு: "இரவில எங்க போறது?" கோட்டை, நூலகம், நல்லூர், ஐஸ்கிறீம் கடை, கசூரினா கடற்கரை எல்லாம் ஒரு பகலில் பார்த்து முடிச்சிடலாம். அதுக்குப் பிறகு? ஒன்பது மணிக்கு டவுனில முக்கால்வாசிக் கடை பூட்டு. மானிப்பாய்ப் பக்கம் வர பஸ்ஸும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த நண்பர்களுக்குச் சொல்ல எங்களிட்ட உருப்படியான பதில் இருக்கேல்லை.

அதே கேள்வியை வீட்டில எழுபது வயதைத் தாண்டின ஆக்களிட்டக் கேட்டுப் பாத்தம். சிரிச்சினம். அவையின்ர இளமையில் இரவு எண்டால் பாயையும் சுருட்டிக்கொண்டு கோயில் வீதிக்குப் போய், விடிய வெள்ளி காலிக்கேக்க வீட்டுக்கு வாறது. "நீங்கள்தான் ஏழு மணிக்குப் படலையைச் சாத்திற ஆக்கள்" எண்டு ஒரு அம்மம்மா நக்கலடிச்சா. அந்த இரவு எப்ப, எப்பிடி எங்கட கையை விட்டுப் போச்சுது எண்டு தேடினதுதான் இந்தக் கட்டுரை.

மானிப்பாயில் தொடங்க வேண்டியது மருதடியில்தான். மருதடி விநாயகர் கோயில் தேர் சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கே வரும். மற்ற ஊர்களில் வருசப்பிறப்பு எண்டால் மருத்துநீர் வைச்சு முழுகி, புது உடுப்புப் போட்டு, கைவிசேஷம் வாங்கி, பிறகு போர்த்தேங்காய், சவாரி எண்டு போகும். மானிப்பாயில் அதோட தேரும். கொழும்பில வேலை பாக்கிறவை, பிறகு கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவை எல்லாம் லீவு எடுத்து வந்து சேர வசதியான நாள். தேருக்கு முதல் நாள் இரவு சப்பறம். பழைய ஆக்கள் சொல்லுற கதைகளில் தேரை விடச் சப்பற இரவுதான் கூட வருகுது. தேர் பக்தி, சப்பறம் கொண்டாட்டம் எண்டு நாங்கள் பிரிச்சு வைச்சிருக்கிறம். பெரியாக்கள் அப்பிடிப் பிரிக்க மாட்டினம்.

திருவிழா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உபயகாரருக்கு. இரவு எவ்வளவு நீளம் எண்டதைத் தீர்மானிச்சதே இந்த முறைதான். நேற்றையத் திருவிழாக்காரர் ரெண்டு கூட்டு மேளம் பிடிச்சால், இண்டைக்கு நாலு கூட்டு. அவர் வாணம் விட்டால், இவர் அதைவிடப் பெரிய வாணம். இந்தப் போட்டியில் காசு அழிஞ்ச குடும்பங்களும் உண்டு. ஆனால் சனத்துக்கு அது இலவச இரவு. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் கச்சான், கடலை, சர்பத், காப்புக்கடை. நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆடற்பெண்களின் குழு சின்ன மேளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கின பிறகு, தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்கள் இங்க வந்து போறது இன்னும் லேசாச்சு. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரைக்கும் அந்தப் பாதை இருந்தது.

இங்க உள்ளவையும் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கேல்லை. மானிப்பாய்க்குப் பக்கத்து ஊரான இணுவில் தவில், நாதஸ்வரக் குடும்பங்களின் ஊர். தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) அந்தப் பரம்பரையில் வந்து, அளவெட்டியில் வாழ்ந்தவர். தமிழ்நாட்டு வித்துவான்களே தங்களோட வாசிக்கக் கூப்பிட்ட ஆள். சாமி வெளிவீதி சுத்தி வர, ஒவ்வொரு மூலையிலும் மேளம் நிண்டு வாசிக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் சாமியும் நிக்கும், சனமும் நிக்கும். ஒரு சுற்று முடிய மணித்தியாலக் கணக்கு. இன்னொரு பக்கம் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா. அவையின்ர 'மயான காண்டம்' இசைநாடகம் நடக்கிற இரவில், அரிச்சந்திரன் சுடலைக்கு வாற நேரம் சின்னப் பிள்ளையள் எல்லாம் பாயில நித்திரை. நாடகம் தெரியாட்டிலும் அந்த நித்திரையை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

இந்த இரவை வெறுத்த ஆக்களும் இதே ஊரில் இருந்தவை. அமெரிக்க மிஷன் அச்சகம் இருந்தது மானிப்பாயில். 1841இல் தொடங்கின 'உதயதாரகை' அங்கதான் அச்சாச்சு. மிஷன்காரருக்குக் கோயில் இரவு எண்டால் கூத்தும் ஒழுக்கக்கேடும். மற்றப் பக்கம், மிஷனோட வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டின ஆறுமுக நாவலர். கோயிலில் உயிர்ப்பலியையும் பொதுப்பெண்களின் ஆட்டத்தையும் அவர் விடாமல் கண்டிச்சார். மானிப்பாயில் இருந்து தமிழில் மேலைநாட்டு மருத்துவம் படிப்பிச்ச டொக்டர் கிறீனும் நாவலரும் பிறந்தது ஒரே வருசம், 1822. வேதத்தில் ஒத்துப்போகாத ரெண்டு கட்சியும் சின்ன மேளத்தை எதிர்க்கிறதில் மட்டும் ஒரே பக்கம் நிண்டது எங்களுக்குச் சிரிப்பு வந்த இடம். ஆனால் அந்த எதிர்ப்பு வென்றதும் உண்மை. இருபதாம் நூற்றாண்டு போகப் போகச் சின்ன மேளம் குறைஞ்சு, அந்த இடத்துக்குக் கதாப்பிரசங்கம், வில்லிசை, பிறகு சினிமாப் பாட்டுக் கோஷ்டி வந்தது. ஆட வந்த பெண்களை ஒழுக்கத்தின் பேரில் நிப்பாட்டினவை, அவையைப் பாக்க வந்த ஆம்பிளையளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பெரிசாக் கவலைப்பட்டதாத் தெரியேல்லை.

இதுவரைக்கும் எழுதினதை வாசிச்சால் அந்தக் காலம் பொற்காலம் போல இருக்கும். நாங்களும் அப்பிடித்தான் தொடங்கினம். பிறகுதான் "ஆர் ஆர் வீதிக்குள்ள இருந்தவை?" எண்டு கேக்க வேணும் எண்டு விளங்கிச்சுது. தேர்க்கயிற்றில் எல்லாரும் கை வைக்கேலாது. ஒடுக்கப்பட்ட சாதி ஆக்கள் வாசலுக்கு வெளியில், மதிலுக்கு அப்பால் நிண்டு கேட்ட மேளம்தான் அது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும், கோயில் கதவு சட்டத்துக்காகத் திறக்கேல்லை. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போச்சுது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் திருவிழாவில் வாசலில் சத்தியாக்கிரகம். அதை மறிக்க முன்னுக்கு நிண்டவர் முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். எங்கட பாட்டன்மார் 'விடிய விடியத் தவில்' எண்டு சொல்லுற அதே காலம், அதே திருவிழா மாதங்கள்.

முடிஞ்சு போன கதை எண்டு நினைக்கக் கூடாது. 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயிலில் தேரை ஜேசிபி இயந்திரம் இழுத்த படத்தை எல்லாரும் பாத்தம். குறிப்பிட்ட சாதி ஆக்கள் வடம் பிடிக்கக் கூடாது எண்டதுக்காக மெசினைக் கொண்டு வந்தவை. ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து இழுக்க வேண்டிய பொருளைத் தனியா ஒருத்தர் சீற்றில இருந்து இழுத்துக்கொண்டு போறார். சாதியைப் பற்றி நாங்கள் எவ்வளவு எழுதினாலும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில நிக்காது.

பெண்களுக்குத் திருவிழா இரவு வேற மாதிரி. வீட்டில் "எங்க போறாய்?" எண்டு கேட்டால் "கோயிலுக்கு" எண்ட ஒரு பதிலுக்குத்தான் இரவில படலை திறந்தது. காப்புக்கடையடியில் கண்ணால் கதைச்சுக் கலியாணத்தில் முடிஞ்ச கதைகள் எங்கட குடும்பங்களிலேயே மூண்டு இருக்கு. சாமி பேரில் வாங்கின லீவு எண்டு சொல்லலாம்.

பிறகு இரவு போகத் தொடங்கிச்சுது. 1979 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு அவசரகாலச் சட்டம் வந்தது. 1981 மே 31 இரவு தொடங்கின எரிப்பில் நூலகமும் சாம்பலாப் போச்சுது. அதுக்குப் பிறகு ஊரடங்கு எண்ட சொல் வீட்டுச் சொல் ஆச்சு. 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோட சண்டை. 1990க்குப் பிறகு கரண்டே இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிச்ச விளக்கில் எங்கட அம்மா அப்பாமார் படிச்சவை. குண்டுவீச்சுக்குப் பயந்து பல கோயில்களில் இரவுத் திருவிழாவை வெளிச்சம் இருக்கேக்கையே முடிச்சினம் எண்டு அவை சொல்லுவினம்.

1995 ஜூலை 9, மானிப்பாய்க்குப் பக்கத்தில் நவாலி. படையெடுப்பால் இடம்பெயர்ந்து வந்து சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த சனத்துக்கு மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவை செத்தவை. அந்தச் சத்தத்தை மானிப்பாயில் கேட்ட ஆக்கள் இண்டைக்கும் அதை எங்களுக்குச் சொல்லேக்க குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவினம்.

அதே வருசம் ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் றோட்டுக்கு வந்தது. மழை. சைக்கிள், மாட்டுவண்டில், தலையில மூட்டை, கிழவனைக் கதிரையோட தூக்கினபடி. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு. பல லட்சம் பேர். நெருக்கத்தில் அடி எடுத்து வைக்க ஏலாமல் மணித்தியாலக் கணக்காய் நிண்டவை. யாழ்ப்பாணம் தன் வரலாற்றில் விடிய விடிய முழிச்சிருந்த மிகப் பெரிய கூட்டம் அதுதான். எந்தத் திருவிழாவுக்கும் அவ்வளவு சனம் வந்ததில்லை. சாதி பாத்துத் தள்ளி நிக்க அந்தப் பாலத்தில் இடமும் இல்லை. தென்மராட்சிக் கிணறுகளில் அது திரும்பி வந்தது எண்டும் கேள்விப்பட்டம்.

1996இல் ஊருக்குத் திரும்பினவைக்கு இரவு ஆமியின்ரது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரல் 8 ஏ9 பாதை திறந்தது. அதுக்கு ஆறு நாளில் மருதடித் தேர். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு கொழும்புக்காரரும் வெளிநாட்டுக்காரரும் தரைப்பாதையால் வந்து கண்ட வருசப்பிறப்பு. எங்களில் மூத்த ஆக்களுக்கே அப்ப கைக்குழந்தை வயசு. 2006 ஓகஸ்ட் 11 பாதை திரும்பவும் மூடிச்சுது. அப்ப நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது.

2009க்குப் பிறகு 'வடக்கின் வசந்தம்' எண்டு பேர் வைச்சினம். பஸ் பஸ்ஸா உல்லாசப் பயணிகள். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்ப வந்தது. விடுதிகள் எழும்பிச்சுது. ஆனால் இரவு? 2011 ஓகஸ்டில் நல்லூர் வீதியில் சனம் நிறைஞ்சிருந்த நாட்களில்தான் கிறீஸ் பூதம் எண்டு ஊர் ஊராப் பயம். நாவாந்துறையில் ஆளைத் துரத்திப் போன சனத்தைப் படையினர் வீடு புகுந்து அடிச்சுப் பிடிச்சுக்கொண்டு போச்சினம். 2016 ஒக்ரோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் போன ரெண்டு மாணவர்கள் பொலிஸ் சூட்டுச் சம்பவத்தில் செத்தவை. முதலில் விபத்து எண்டவை. உடற்கூற்றுப் பரிசோதனையில்தான் சூட்டுக்காயம் வந்தது. ரெண்டு பேரும் எங்கட கலைப்பீடம். நாங்கள் கம்பசுக்கு வரமுதல் நடந்தது. எண்டாலும் இரவு பதினொரு மணிக்கு அந்தச் சந்தியால் சைக்கிளில் வரேக்க எங்கட அம்மாமார் ஏன் மூண்டு தரம் கோல் எடுக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியும். 'யாழ்ப்பாணத்தில் நைட் லைஃப் இல்லை' எண்டு எழுதிற ஆளுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க நியாயமில்லை.

2024 பெப்ரவரி 9, முற்றவெளி. ஹரிஹரன் இசை நிகழ்ச்சி, தமிழ்நாட்டு நடிகர்மார் எல்லாம் வந்தவை. தடுப்புகளை உடைச்சுச் சனம் மேடைப்பக்கம் போய், நிகழ்ச்சி இடையில் குழம்பிச்சுது. அடுத்த நாள் முகநூல் முழுக்க ஒரே வசனம்: யாழ்ப்பாணத்தானுக்கு ஒழுங்கு தெரியாது. எங்களுக்கு இதில உடன்பாடில்லை. நல்லூர்த் தேருக்கு இதைவிடக் கனமடங்கு சனம் வருகுது. செருப்பைக் கழட்டி வைச்சிட்டு, குழந்தைக்கு வழி விட்டு, வெயிலில் நிக்குது. அந்தக் கூட்டத்துக்கு எங்க நிக்க வேணும், எப்ப நகர வேணும் எண்டு நூறு வருசப் பழக்கம் இருக்கு. முற்றவெளியில் இருந்தது முன்னால காசு கட்டின கதிரை, பின்னால ஒண்டும் தெரியாத இலவச இடம், நடுவில ஒரு வேலி. கோயில் வீதியில் வேலி போட்ட ஊருக்கு அந்த வேலி புதுசில்லை எண்டும் சொல்லலாம். உடைச்சது சரி எண்டு சொல்ல வரேல்லை, ஆக்களுக்குக் காயமும் பட்டது. ஆனால் முப்பது வருசம் இரவில் ஒண்டாய் நிண்டு பழகாத தலைமுறையை ஒரே இரவில் ஒழுங்கு கேக்கிறதும் கொஞ்சம் அதிகம்.

இப்ப மருதடியில் வாணம் இன்னும் உண்டு, ஐஸ்கிறீம் வான் உண்டு, றோன் கமராவும் உண்டு. விடியும் வரைக்கும் இருக்கிற சனம்தான் இல்லை. எங்கட குழுவில் உள்ள பெட்டையள் போன சப்பறத்துக்குப் பத்தரை வரைக்கும் நிண்டவை. அதுக்கே ரெண்டு வீட்டில அடுத்த நாள் காலமை விசாரணை. இந்த முறை பன்னிரண்டு வரைக்கும் எண்டு இப்பவே கேட்டு வைச்சிருக்கிறம்.

உங்கட வீடுகளில் பழைய மகோற்சவ விஞ்ஞாபனம், திருவிழா நோட்டீஸ் ஏதும் பெட்டிக்குள்ள கிடந்தால் எறிஞ்சிடாதேங்கோ. அதில எந்த நாள் ஆற்ற உபயம், எத்தினை கூட்டு மேளம், நிகழ்ச்சி எத்தினை மணிக்குத் தொடக்கம் எண்டு இருக்கும். படம் எடுத்து அனுப்புங்கோ, நாங்கள் வருசவாரியாச் சேர்க்கிறம். முடியிற நேரம் அநேகமா எழுதியிருக்காது. அதை வீட்டில உள்ள பெரியாக்களிட்டக் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் குறிச்சு விடுங்கோ.