அன்னக்கிளிக்கு முன்னால் ஒரு கிட்டார்க்காரர்

மாசி மகத்தன்று நம் மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் என்று ஊர் ஊராகப் புறப்பட்டு வந்த சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரையில் வரிசைகட்டி நிற்க, அலைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம். திருவிழா நாட்களில் இருட்டியதும் எங்கேயாவது ஒரு மேடையில் ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்துவிடும். பாடுகிறவர் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது, பின்னால் ஒருவர் குனிந்தபடி கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். அவர் நிமிர்ந்து 'இளைய நிலா'வின் ஆரம்பத்தை எடுத்தவுடன் விசில் பறக்கும். அந்த விசில் பாடகருக்கு அல்ல, கவனித்திருக்கிறீர்களா? அவர் இன்னும் வாயையே திறக்கவில்லை.

1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு அது. திரையில் மோகன், குரல் எஸ்.பி.பி., வரிகள் வைரமுத்து, இசை இளையராஜா. இவ்வளவும் உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடம். கிட்டார் யார்? ஆர். சந்திரசேகர். டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். கேசட் அட்டையில் அவர் பெயரைத் தேடிக் களைத்தவர்களில் நானும் ஒருவன். அதே குழுவில் நெடுங்காலம் கிட்டார் வாசித்த சதானந்தம், பேஸ் கிட்டார் சசிதரன், எம்.எஸ்.வி. காலத்துப் பாடல்களில் வாசித்த பிலிப் என்று, நாம் தினமும் கேட்டும் பெயர் தெரியாமல் வைத்திருக்கும் கைகள் நிறைய.

இந்தக் காலாண்டு இதழுக்கு எழுதும்படி கேட்டபோது இவர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். தேடப் போனால் எல்லா வழியும் இன்னொரு கிட்டார்க்காரரிடமே கொண்டுபோய் விட்டது. அவரை நாம் இசையமைப்பாளர் என்று மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு, சென்னையில் அவருக்குச் சோறு போட்டது பெரும்பாலும் கிட்டார்தான்.

பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. 1943-ல் அங்கே பிறந்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஞானதேசிகன், பள்ளியில் ராஜய்யா. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். சினிமா மெட்டுகளில் கட்சிப் பாட்டை ஏற்றிப் பாடுவார். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு தோட்டத் தொழிலாளர்களிடம் எப்படி எடுபட்டது என்பது இன்றும் அந்தப் பக்கத்தில் பேசப்படும் சங்கதி. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு சமயத்தில், துணைக்குத் தம்பியை அழைத்துப் போகச் சொல்லி அனுப்பியவர் அம்மா சின்னத்தாய். பையனுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது. குரல் உடையாத வயது என்பதால் பெண் குரல் பாட்டுகள் அவன் பங்கு. குரல் உடைந்ததும் அந்த வேலை போயிற்று. அதன் பிறகு ஆர்மோனியம்.

நேரடி மேடை என்பது என்ன என்பதை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். பொதுக்கூட்ட மேடையில் ரிகர்சல் கிடையாது, மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது. தலைவர் வரத் தாமதமானால் இரண்டு மணி நேரம் இழுக்க வேண்டும், அவர் வந்துவிட்டால் பாதிப் பாட்டில் நிறுத்த வேண்டும். கூட்டம் கலைகிறது என்றால் அடுத்த பாட்டை அந்த நொடியில் மாற்ற வேண்டும். சுமார் பத்து வருடம் இப்படி. 1964-ல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு மெட்டுப் போட்டதும் இந்த நாட்களில்தான்.

1960களின் கடைசியில் சகோதரர்கள் சென்னைக்கு வந்தார்கள். இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் 'அன்னக்கிளி'க்குத் தாவிவிடும். நாம் கொஞ்சம் நிற்போம். நடுவில் மயிலாப்பூரில் ஓர் அறை இருக்கிறது. அங்கே தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் பத்து வருடம் தேர்ந்த ஒருவர் அவரிடம் போய், ஐந்து கோட்டுக்கு நடுவில் புள்ளி வைக்கும் நொட்டேஷனை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். பெயரில் 'ராஜா' மட்டும் மிஞ்சியது மாஸ்டரிடம்தான். முன்னால் 'இளைய' சேர்த்தவர், பிற்பாடு பஞ்சு அருணாசலம். கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வை எழுதித் தங்கப் பதக்கமும் வாங்கினார்.

கிளாசிக்கல் கிட்டார் என்பது நாம் சுற்றுலாவில் மடியில் வைத்து 'ஜாங் ஜாங்' என்று தேய்க்கிற சமாச்சாரம் இல்லை. நைலான் கம்பி. இடது காலை ஒரு சின்ன மணைமேல் தூக்கி வைத்து உட்கார வேண்டும். வலது கைக் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் அடிச்சுரங்களை நடத்திக்கொண்டிருக்க, மற்ற மூன்று விரல்கள் மேலே மெட்டை வாசிக்க வேண்டும். ஒரே ஆள், இரண்டு குரல். இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் போக வேண்டும். பல மாதம் விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும்.

இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே போகும் என்று ரசிகர்கள் வியப்பார்கள். அதற்கு விதை இந்தக் கட்டைவிரல் பயிற்சியில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நீங்கள் மறுக்கலாம், ஆனால் முதலில் ஹெட்ஃபோன் போட்டு 'மூடுபனி'யின் 'என் இனிய பொன் நிலாவே'யை ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். 1980-ல் வந்தது, அவருக்கு 100-வது படம். கிட்டார் அங்கே அலங்காரம் இல்லை, பாட்டின் எலும்பே அதுதான். பின்னாளில் 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சேர்த்து அர்ப்பணித்தார். ஒரே கருவியில் இரண்டு குரல் வாசித்துப் பழகியவருக்கு அந்த ஜோடி விநோதமாகப் பட்டிருக்காது.

படித்ததை வைத்துப் பிழைக்க வேண்டுமே. ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார், உதவியாளராகவும் இருந்தார். சலீல் சௌத்ரியின் பதிவுகளிலும் வாசித்திருக்கிறார். அந்தக் காலத்து ரெக்கார்டிங் எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பாடகர், வயலின் வரிசை, தபலா, கிட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். நாலாவது நிமிடத்தில் ஒருவர் விரல் வழுக்கினாலும் முதலிலிருந்து எல்லோரும். கால்ஷீட் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அத்தனை கண்களும் தவறு செய்தவர் மேல் இருக்கும். ஒரு வகையில் அதுவும் நேரடிக் கச்சேரிதான், கைதட்ட மட்டும் ஆளில்லை.

அண்ணன் வரதராஜன் 1973-ல் காலமானார். தம்பியின் முதல் படத்தை அவர் பார்க்கவில்லை.

1976-க்குப் பிறகான கதை உங்களுக்கே தெரியும், விடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். உச்சத்தில் இருந்த வருடங்களில் அவர் மேடைக் கச்சேரிகளை மிகக் குறைவாகவே செய்தார். 2005-ல் சென்னையில் பெரிய அளவில் மேடையேறியபோது இரண்டு தலைமுறை கூடி வந்து உட்கார்ந்தது. அந்த மேடைகளில் அவர் செய்யும் ஒரு காரியம் பலருக்கு எரிச்சல்: யாராவது பிசகினால் பாட்டைப் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். டிக்கெட் வாங்கியவர் முணுமுணுப்பார். ஒரே மூச்சு ரெக்கார்டிங்கில் ஊறிய கிட்டார்க்காரருக்கு அது இயல்பு. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது 81.

கிட்டாரில் நம் பக்கத்து ஆட்கள் எட்டிய இன்னொரு திசையும் உண்டு. ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் படித்தவர், எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். ஃப்ரெட்டுகள் சுரங்களைத் தனித்தனியாக நறுக்கிவைக்கும் கருவி கிட்டார். நம் கமகமோ நறுக்கினால் செத்துப்போகும். கம்பியை வளைத்தும் சறுக்கியும்தான் அதற்கு உயிர் கொடுக்க முடியும். ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசை இவர்தான்.

நம்மூருக்கு வருவோம். கோயில் பூசையில் கிட்டார் கேட்டு வளர்ந்தவர்கள் புதுவையில் ஏராளம். ஜூன் 21 அன்று அலியான்ஸ் பிரான்சேஸ் முன்னின்று நடத்தும் இசை விழாவும் இங்கே உண்டு. அது பிரான்சில் தொடங்கியதும் 'இளைய நிலா' வந்த அதே 1982-ல்தான். வாத்தியம் வைத்திருப்பவர்கள் தெருவுக்கு வந்து வாசியுங்கள், யாரும் இலவசமாகக் கேட்கலாம் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆர்வத்தில் வாசிப்பவருக்கும், அந்த இரவுச் சம்பளத்தில் பள்ளிக் கட்டணம் கட்டுபவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. கீபோர்டு வந்தபோது வயலின்காரர்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள். ட்ராக் வந்தபோது கிட்டார்க்காரரும் இறங்கினார்.

இறக்கியவர்களில் நாமும் உண்டு. சென்ற ஆண்டு விழாவில் செலவைக் குறைக்க ட்ராக் போட்டுப் பாடினோம், கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஏழாவது பாட்டில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் எடுக்கும்வரை மேடையில் ஐந்து பேர் செயலற்ற மைக்குகளோடு இருட்டில் நின்றோம். மரக் கிட்டாருக்குக் கரண்ட் வேண்டாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த பொதுக்குழுவில் விழாச் செலவு பற்றிய பேச்சு வருகிறது. ஆறு பேர் கொண்ட உள்ளூர்க் குழு ஒன்றிடம் விலை கேட்டுச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ட்ராக் செலவைப் போல மூன்று மடங்கு ஆகிறது, மறைக்கவில்லை. சாப்பாட்டில் ஒரு இனிப்பைக் குறைத்தால் பாதி சரியாகும், மீதிக்கு வழி சொல்லுங்கள். குழு வந்தால், மேடையில் பெயர் வாசிக்கும்போது பாடகர்களோடு நிறுத்தாமல் ஆறு பெயரையும் வாசிக்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதிவைத்திருக்கிறேன்.