சிறப்புக் கல்வி வரலாறு: பினாங்கு விடுதியிலிருந்து மாடிப்படி வரை



கிள்ளானில் 13 வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறான், கணக்கில் கெட்டிக்காரன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அவன் வகுப்பு கீழ்த்தளத்திலேயே இருந்தது. இப்போது படிவம் ஒன்று. வகுப்பறை மூன்றாவது மாடியில். "எப்படி சார் மேல ஏறுவான்?" என்று அம்மா கேட்கிறார். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

தொடக்கத்தில் தடையாக இருந்தது தூரம். பார்வையற்ற பிள்ளைகளுக்காக 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபை தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம், பின்னர் பினாங்குக்கு மாறியது. காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளியும் 1954இல் பினாங்கில்தான் தொடங்கியது. கிள்ளான் பிள்ளை அங்கே படிக்க வேண்டுமானால் வீட்டை விட்டு விடுதிக்குப் போகணும். படிப்பு கிடைத்தது. ஆனால் அக்கம்பக்கத் தோழர்கள், கோயில் திருவிழா, சொந்தபந்தம் எல்லாம் விடுமுறைக்கு மட்டும்தான்.

1951இல் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் உருவானது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. வெள்ளைக்கோலுடன் நடப்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். அந்த வட்டாரம் அவர்களோடு வாழப் பழகிக்கொண்டது. 1960களில், சாதாரணப் பள்ளிகளிலேயே பார்வையற்ற மாணவர்களைச் சேர்க்கும் ஒருங்கிணைப்புத் திட்டமும் தொடங்கியது.

அடுத்த தடை சட்டத்தின் சொற்களில் இருந்தது. 1994இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள், எல்லாப் பிள்ளைகளும் பொதுப்பள்ளியிலேயே படிக்க வழி செய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1997இல் சிறப்புக் கல்வி விதிகள் வந்தன. பிறர் உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைதான் "கல்வி கற்கத் தகுந்தவர்" என்றன அவை. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் இடமில்லை. உடல் குறைபாடு இருந்தும் மற்றவர்களைப் போலவே படிக்கும் அறிவுத்திறன் உள்ளவர்களுக்கும் இடமில்லை. அவர்கள் சாதாரண வகுப்புக்குப் போகலாம் என்பது எண்ணம்.

நம்ம பையனை இங்கே வைத்துப் பாருங்கள். கெட்டிக்காரன் என்பதால் சிறப்புக் கல்வி கிடையாது. சாதாரண வகுப்போ மாடியில். இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறான்!

பிறகு மாற்றங்கள் வந்தன. இந்த ஆண்டுகளைத் தேர்வு எழுதுவோர் குறித்துக்கொள்ளுங்கள்:

2008: உடற்பேறு குறைந்தோர் சட்டம் (சட்டம் 685). குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் விலக்கக்கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. ஆனால் மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை.

2010: உடற்பேறு குறைந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா உறுதிப்படுத்தியது.

2013: புதிய சிறப்புக் கல்வி விதிகள். பல குறைபாடுகள் சேர்ந்திருந்தாலும் மாணவர் மாணவரே. அதே ஆண்டு வெளியான கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினரை 2025க்குள் உட்சேர்ப்புக் கல்விக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது.

2019: பள்ளியில் சேர வரும் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது.

ஆக, தூரம் குறைந்தது. சட்டத்தின் கதவும் திறந்தது. மிச்சமிருப்பது மாடிப்படி. பெயரைப் பதிவில் ஏற்றிவிட்டால் மட்டும் ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. புறப்பாட நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான்? விளையாட்டுப் போட்டியன்று புள்ளி குறிக்கும் வேலையாவது அவனுக்கு உண்டா? சுற்றுலாப் பேருந்தில் இடம் உண்டா? தீபாவளி நேரத்தில் தெங்கு கிளானா சாலைக்குத் தோழர்கள் அவனையும் கூட்டிக்கொண்டு போகிறார்களா? பதின்ம வயதில் தனித்து விடப்படுவதுதான் பெரிய வலி.

ஆசிரியர்களே, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மின்தூக்கி கட்டுவது நம் கையில் இல்லை. அறை ஒதுக்குவது நம் கையில் இருக்கிறது. பையனை மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போக வேண்டாம். வகுப்பைக் கீழே இறக்கினால் போதும். செலவு ஒரு வெள்ளிகூட ஆகாது.