ஜார்ஜ் டிக்சன்: கயிற்றுக்கு உள்ளே சமம், வெளியே?

‘திறமை இருந்தால் போதும், சாதி ஒரு தடையே இல்லை.’ விளையாட்டு விழா மேடைகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யாரும் இல்லை. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நாங்கள் சந்திக்கும் மாணவர்கள் பலரும் இதை நம்புகிறார்கள். கபடியிலும் ஓட்டத்திலும் மாவட்டப் போட்டி வரை போய்வந்த பிள்ளைகள் இன்னும் அழுத்தமாகவே நம்புகிறார்கள். நம்புவதில் தவறில்லை. ஓடுகிற காலுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும்தான். ஆனால், திறமையால் உச்சியைத் தொட்டவர்களுக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டு ஓடுவது நல்லது. அதற்காகவே ஜார்ஜ் டிக்சனின் வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

டிக்சன் 1870 ஜூலை 29 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரை ஒட்டிய ஆஃப்ரிக்வில் என்ற குடியிருப்பில் பிறந்தார். அமெரிக்க அடிமை முறையிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களின் வாரிசுகள் நிலம் வாங்கி உருவாக்கிய இடம் அது. அங்கிருந்தவர்களிடம் நகர நிர்வாகம் வரி வாங்கியது. குடிநீர்க் குழாயோ கழிவுநீர் வசதியோ கொடுக்கவில்லை. மாறாக, அந்தக் குடியிருப்பின் நடுவே ரயில் பாதை போட்டார்கள். சிறைச்சாலை, தொற்றுநோய் மருத்துவமனை, மலக்குழிகள், கடைசியில் நகரத்தின் குப்பைக் கிடங்கு என்று ஊருக்கு வேண்டாத அத்தனையையும் அதன் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பார்த்துப் பழகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆஃப்ரிக்வில் என்பது ஹாலிஃபாக்ஸின் சேரி.

அங்கிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போன டிக்சன், ஒரு புகைப்படக்காரரிடம் உதவியாளராக இருந்தார். படம் எடுத்துக்கொள்ள வரும் குத்துச்சண்டை வீரர்களைப் பார்த்துத்தான் அந்த விளையாட்டின் மேல் ஆசை பிறந்தது என்பார்கள். உயரம் 5 அடி 3½ அங்குலம். மெலிந்த உடம்பு. பலத்தைவிட வேகத்தையும் கணக்கையும் நம்பி ஆடியவர். எதிராளி இல்லாமல், இருப்பதாகப் பாவித்துக் காற்றில் குத்திப் பழகும் பயிற்சியைக் கொண்டுவந்தவர் என்று குத்துச்சண்டை உலகம் இவரைச் சொல்கிறது. 1893இல் குத்துச்சண்டைப் பாடமாக ஒரு சிறு நூலையும் வெளியிட்டார்.

அன்றைய ஆட்டம் இன்று நாம் பார்க்கிற ஆட்டம் இல்லை. ஒருவர் விழும் வரை சுற்றுகள் நீளும். 1890 பிப்ரவரியில் கேல் மெக்கார்த்தி என்ற வெள்ளையின வீரரோடு டிக்சன் 70 சுற்றுகள் மோதினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்த அந்தச் சண்டை வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் லண்டனில் நன்க் வாலஸை வீழ்த்தி பேண்டம்வெயிட் பட்டத்தைப் பெற்றார். விளையாட்டு எதுவானாலும், உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர் இவரே என்று வரலாறு பதிவு செய்கிறது. அப்போது வயது 19. அடுத்த ஆண்டு மெக்கார்த்தியை 22 சுற்றுகளில் வென்றார். ஃபெதர்வெயிட் பட்டமும் அவர் கைக்கு வந்தது. இன்றைய கணக்கில் சுமார் 57 கிலோ வரையுள்ளவர்கள் மோதும் பிரிவு அது.

1892இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஒலிம்பிக் கிளப் மூன்று நாள் குத்துச்சண்டை விழா ஒன்றை நடத்தியது. செப்டம்பர் 6 அன்று டிக்சனுக்கும் ஜாக் ஸ்கெல்லி என்ற வெள்ளையருக்கும் போட்டி. அந்த ஊரில் அந்த ஆண்டு வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஜூன் 7 அன்று, ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி வெள்ளையர்களுக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்ததற்காகக் கைது செய்யப்பட்டிருந்தார். அந்த வழக்கில்தான் 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘தனித்தனியாக வைத்தாலும் சமமே’ என்ற கோட்பாட்டுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது.

அப்படிப்பட்ட ஊரில் மோத ஒப்புக்கொண்ட டிக்சன், கறுப்பின மக்களும் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதுவரை அவர்களை உள்ளே விடாத கிளப், ஒரு பகுதியை அவர்களுக்காக ஒதுக்கியது. தனி இடம்தான், சம இடம் இல்லை. ஆனாலும் தங்களில் ஒருவன் வெல்வதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். எட்டாவது சுற்றில் ஸ்கெல்லி விழுந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கான பாடம். டிக்சன் விதியை மீறவில்லை. நடுவர் தவறு செய்யவில்லை. எடை சமம், கையுறை சமம், சுற்று சமம். ஒரு வெள்ளையர் கறுப்பரிடம் அடி வாங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது மட்டுமே புகார். இப்படியொரு போட்டியை நடத்தியதே தவறு என்று உள்ளூர்ப் பத்திரிகை தலையங்கம் எழுதியது. இனி வெள்ளையரையும் கறுப்பரையும் மோத விடுவதில்லை என்று கிளப் முடிவெடுத்தது. போட்டி நேர்மையாக நடந்தது என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. தோற்றிருந்தால், ‘இவர்களுக்குத் திறமை இல்லை’ என்றிருப்பார்கள். வென்றதால் கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் இரவு அதே இடத்தில் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. அதில் இறங்கிய ஜான் எல். சல்லிவன், கறுப்பர்களோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்திருந்தவர். பீட்டர் ஜாக்சன் என்ற தலைசிறந்த கறுப்பின வீரர் அறைகூவல் விட்டும் கடைசி வரை அவரோடு மோதவில்லை. சிறிய எடைப் பிரிவுகளில் கறுப்பரை அனுமதித்தவர்கள் பெரிய பிரிவில் ஏன் மறுத்தார்கள்? ஹெவிவெயிட் பட்டம் என்பது ‘உலகின் வலிமையான ஆண்’ என்ற அடையாளம். அந்த அடையாளம் தங்கள் இனத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்தார்கள். கடைசி வரிசையில் இடம் கொடுப்பார்கள். தலைமை நாற்காலியைக் கேட்டால்தான் முகம் மாறும். இது நமக்குப் புதிதா என்ன?

டிக்சனின் சமகாலத்தில் இங்கே ஒருவர் இருந்தார். பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்து, புனேயில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்து, இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளராக உயர்ந்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். ஆனால் புனேயில் அவரோடு ஒரே மைதானத்தில் ஆடிய சாதி இந்துக்கள், ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளையில் வெளியே தேநீர் கொடுத்தார்கள். அவர் வீசிய பந்து தீட்டில்லை, குடித்த குவளை தீட்டு. இந்துக்கள் அணியின் தலைவர் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. சகோதரர்களின் போராட்டத்துக்குப் பிறகு 1923இல்தான் அவருடைய தம்பி விட்டல் தலைவரானார்.

டிக்சன் 1897இல் பட்டத்தை இழந்து, 1898இல் மீட்டார். 1900 ஜனவரி 9 அன்று டெர்ரி மெக்கவர்னிடம் எட்டு சுற்றுகளில் தோற்றார். அதன் பிறகு இறக்கம்தான். இங்கிலாந்து போய்ச் சிறு தொகைகளுக்கு மோதினார். 1908 ஜனவரி 6 அன்று நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில், கையில் காசில்லாமல் இறந்தார். வயது 37.

குடித்தே அழிந்தார் என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடிப்பது எளிது. குடித்தார், சூதாடினார், உண்மை. ஆனால் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தலையில் அடி வாங்கிய உடம்பு அது. பட்டப் போட்டிகள் போக, ஊர் ஊராக மேடை நிகழ்ச்சிகளில் யார் வந்தாலும் மோதிக் காட்டினார். அவருடைய சண்டைகளை மேலாளரும் கிளப்புகளும் பந்தயக்காரர்களும் வைத்துப் பிழைத்தார்கள். ஓய்வூதியம் இல்லை, மருத்துவ உதவி இல்லை, ஆட்டம் முடிந்த பிறகு செய்ய வேறு வேலையும் இல்லை. நம் காலனிகளிலும் இப்படி ஒரு பழைய ஆட்டக்காரர் இருப்பார். ‘நல்லா ஆடுவான், குடியில கெட்டான்’ என்பார்கள். அவரை ஆட வைத்துக் கோப்பை வாங்கியவர்கள் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

டிக்சன் இறந்த அதே 1908இன் டிசம்பரில், ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற முதல் கறுப்பரானார். சல்லிவன் அடைத்து வைத்த கதவு அப்போதுதான் உடைந்தது.

டிக்சன் பிறந்த ஆஃப்ரிக்வில்லை 1960களில் நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியது. மக்களின் தட்டுமுட்டுச் சாமான்களைக் குப்பை லாரிகளில் ஏற்றினார்கள். தேவாலயத்தை 1967இல் இரவோடு இரவாக இடித்தார்கள். 2010இல்தான் ஹாலிஃபாக்ஸ் மேயர் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு தானாக வரவில்லை; அந்த மக்களும் அவர்களின் பிள்ளைகளும் பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டுப் பெற்றது. இன்று அதே நகரத்தில் டிக்சன் பெயரில் ஒரு விளையாட்டு மையம் இருக்கிறது. வீரனுக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். அவனைப் பெற்ற சேரியை இடித்துவிட்டார்கள்.

எனவே விளையாடுங்கள், வெல்லுங்கள். ஆனால் ஒருவருடைய வெற்றியே எல்லோருடைய விடுதலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிக்சன் தான் வென்றால் போதும் என்று நினைக்கவில்லை. தன் மக்களுக்கு உள்ளே இடம் கேட்டார். நீங்களும் கேளுங்கள்: ஊர் மைதானத்தில் காலனிப் பிள்ளைகள் எந்த நேரத்திலும் ஆட முடிகிறதா? அணித் தலைவர் யார்? கோப்பை யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது? உங்கள் தாத்தாக்களில் கபடி ஆடியவர்கள், சிலம்பம் சுற்றியவர்கள் இருந்தால் அவர்களுடைய பெயரையும், ஆடிய ஊரையும், வாங்கிய பரிசையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.